பிசிறு

வேப்பூரில் அவர்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்தான் அந்தக் குட்டி சி.என்.சி. மெஷின். மனைவியின் செயினை அடகு வைத்து வாங்கியது. பெயர்ப்பலகை செய்து விற்றால் சீக்கிரமே மீட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

முதல் ஆர்டர் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு. 12 மி.மீ. தேக்கில் ‘அன்பு இல்லம்’ என்று எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்ட வேண்டும். மெஷின் வெட்டித்தான் கொடுத்தது. ஆனால் ‘இ’யின் சுழியிலும் ‘ல’வின் வளைவிலும் ஒரே பிசிறு. பக்கவாட்டில் படிப்படியாகக் கோடுகள். சில இடங்களில் கருகல் வேறு. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க எழுத்தின் முனைகள்தான் மழுங்கின.

வாங்க வந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மெஷின்ல செஞ்சும் இப்படியா?” என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மனைவி விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வேலைக்குப் போகிறவர். அன்று ராத்திரி எழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“என்னங்க, எல்லாம் முடிஞ்ச பிறகா ஓரத்தைப் பாப்பீங்க?”

அச்சிலிருந்து எடுத்த பொம்மையில், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். மண் பச்சையாக இருக்கும்போதே அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். சூளைக்குப் போய் வந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

கொட்டகைத் தரையைக் காட்டினார். “இது சீவலா? கோதுமை மாவு மாதிரில்ல இருக்கு!”

அதுதான் அவரை உலுக்கியது. 18,000 சுற்றில் சுழலும் பிட், நிமிடத்துக்கு 600 மி.மீ. மட்டுமே நகர்ந்தது. இரண்டு பல் பிட்டில் ஒரு பல்லுக்குக் கிடைத்தது 0.017 மி.மீ. மரம்தான். வெட்டுவதை விட்டு உரசினால் கருகாமல் என்ன செய்யும்? வேகத்தை 1,800 ஆக்கினார். ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. ஆனது. மாவு போய்ச் சீவல் விழுந்தது.

பழைய பிட் சீவலை மேலே வாரும்போது மேல்பரப்பு நாரையும் சேர்த்துப் பிய்த்தது. கீழே தள்ளும் பிட்டுக்கு மாறினார். அடிப்பக்கம் பிய்யாமலிருக்க ஒரு பழைய பலகையை அடியில் கொடுத்தார்.

வளைவு மட்டும் மிச்சம். பக்கத்திலிருக்கும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உளி பிடிப்பவர்கள் நார் ஓடும் திசை பார்த்து உளியைத் திருப்புவார்கள். மெஷினுக்கு நார் தெரியாது. நாம்தான் வழி சொல்ல வேண்டும்.

கோட்டுக்கு அரை மி.மீ. வெளியே, தடவைக்கு 2 மி.மீ. ஆழமாக முதலில் வெட்டினார். எழுத்து ஆடாமலிருக்க, அங்கங்கே சின்ன ஒட்டு விட்டார். கடைசியாக அந்த அரை மி.மீட்டரை முழு ஆழத்தில் ஒரே ஓட்டமாக, பிட் சுழலும் போக்கிலேயே எடுத்தார். நார் கிளம்பவில்லை. படிக்கோடும் இல்லை. ஒட்டுகளை உளியால் நறுக்கி, உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. அவ்வளவுதான்.

செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது எந்த எழுத்தும் மனைவியின் விரல் படாமல் கொட்டகையை விட்டு வெளியே போவதில்லை.