ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சமா? அமராவதிக் கரையில் ஒரு நாணயப் பாடம்

உடுமலையிலிருந்து கொழுமம் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால், வறண்ட காடுகள் முடிந்து பச்சை வயல்கள் தொடங்கும் இடத்தில் வருகிறது கொமரலிங்கம். திருப்பூர் மாவட்டம் என்றதும் பனியன் கம்பெனிதான் நினைவுக்கு வரும். மடத்துக்குளம் வட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியிலோ அமராவதித் தண்ணீரில் விளையும் நெல்லும் தென்னையும்தான் கண்ணில் படும்.

இந்த ஆற்றுக்கும் காசுக்கும் பழைய உறவு உண்டு. சங்க இலக்கியம் ஆன்பொருநை என்று சொல்வது இந்த அமராவதியைத்தான். இதே ஆறு கரூரைத் தொடும் இடத்தில், மணலுக்குள்ளிருந்து சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் அவற்றில் புகழ்பெற்றவை.

இன்று காசுக் கதை ஆற்றில் வருவதில்லை, வாட்ஸ்அப்பில் வருகிறது. ‘இந்த ஐந்து ரூபாய் இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!’ என்று ஒரு வீடியோ வந்தால் போதும், வீட்டு உண்டியல் கவிழ்ந்துவிடும். வளைந்தது, தேய்ந்தது, நிறம் மாறியது எல்லாம் ‘அச்சுப்பிழை நாணயம்’ ஆகிவிடும். உண்மையில் எது பிழை, எது வெறும் சேதம்?

ஒரே ஒரு கேள்வி

நாணயச்சாலையில் வெற்று உலோக வில்லையை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் ஓங்கி அழுத்துகிறார்கள். அந்த நொடிவரை நடந்த தவறு அச்சுப்பிழை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சேதம். காசைக் கையில் எடுத்தால் கேட்க வேண்டியது இதைத்தான்: ‘இது அச்சு விழும்போதே நடந்ததா, பிறகு நடந்ததா?’

வீட்டிலேயே பார்க்கலாம்

* நகர்ந்த அச்சு: படம் ஒரு பக்கம் ஒதுங்கி, எதிர்ப்பக்கம் பிறைபோல வெறுமையாக இருக்கும். அந்த வெற்றுப் பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும். அரத்தால் ராவிய கீறல் தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

* கடித்த விளிம்பு: வில்லை வெட்டும்போதே ஓரம் குறைந்திருந்தால், அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். பிறகு வெட்டிய காசில் எதிர் விளிம்பு நன்றாகவே இருக்கும்.

* கண்ணாடி பிம்பம்: முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் அதே படம் குழிந்து, இடவலம் மாறி விழும். இரண்டு காசுகளை வைஸில் இறுக்கியும் இதுபோல் செய்கிறார்கள். அப்படிச் செய்ததில் அடியில் பழைய படத்தின் மிச்சம் தெரியும்.

* திரும்பிய அச்சு: சிங்கத் தலையை நேராகப் பிடித்து, புத்தகப் பக்கம்போல் காசைத் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அச்சு திரும்பியிருக்கலாம். ஓரத்தில் ஒட்டுப்போட்ட கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

* பத்து ரூபாய்: நடுவட்டமும் வெளிவளையமும் அச்சு விழும் அழுத்தத்தில்தான் இறுகுகின்றன. கழன்று, சுத்தியலால் தட்டி மாட்டியதில் இடைவெளியும் அடித்தழும்பும் இருக்கும்.

திருப்பூர் பக்கத்துச் சேதங்கள்

சாயமும் சலவையும் தொழிலாக உள்ள வட்டாரம் இது. பேன்ட் பையில் மறந்த காசு டிரையர் டிரம்மின் இடுக்கில் சிக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தால், விளிம்பு உருண்டு தடித்து, எழுத்துகள் உள்ளே தள்ளப்பட்டு, புது மாதிரிக் காசுபோல் ஆகிவிடும். அமிலம் பட்ட காசு மெலிந்து, எழுத்துகள் கரைந்தது போலிருக்கும். ஆற்று மணலில் கிடந்த காசு சீராகத் தேயும். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் மூன்றுமே சேதம்தான்.

பிழையே இல்லாத ‘பிழைகள்’

ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப்புள்ளி இருந்தால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா, பிழை அல்ல. பத்து ரூபாய் நாணயத்தில் 14 வடிவங்கள் உண்டு, அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது.

சேதமான காசு எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில், பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருந்தது. வேண்டுமென்றே செய்த அந்தச் சேதம்தான் ஆய்வாளர்களை இன்றும் யோசிக்க வைக்கிறது. ஆனால் அது ஈராயிரம் ஆண்டுக் கதை. நேற்றைய ஐந்து ரூபாயை நசுக்கினால் வரலாறு ஆகாது. நாணயத்தை வெட்டுவதும் உருக்குவதும் 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

பணம் கேட்டால் நிறுத்துங்கள்

காசை வாங்கிக்கொள்வதாகச் சொல்பவர் முதலில் உங்களிடம் ‘கமிஷன்’, ‘வரி’, ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால், அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். பழைய நாணயம், நோட்டுகளை விற்பதற்காகத் தாங்கள் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

உண்மையான பிழை கிடைத்ததாகத் தோன்றினால் புளிபோட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மதிப்பு குறையும். காகித உறையில் போட்டு வையுங்கள். அதே வகைச் சாதாரணக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடையும் அளவும் பாருங்கள். பிறகு நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் காட்டி விசாரியுங்கள். லட்சம் கிடைக்காமல் போகலாம். கையில் இருக்கும் சேமிப்பாவது பத்திரமாக இருக்கும்.