ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் ஊர்வலம்

சிட்னியின் ஹைட் பார்க் முனையிலிருந்து டார்லிங்ஹர்ஸ்ட் பக்கம் மேடேறிப் போகிறது ஆக்ஸ்ஃபோர்டு தெரு. பஸ்களும் மதுக்கூடங்களும் பழைய கட்டடங்களும் நிறைந்த கடைத்தெரு. கோடை முடியும் தறுவாயில், ஒரு சனிக்கிழமை மாலை, போக்குவரத்தை நிறுத்திச் சாலையைத் தன்பாலீர்ப்புச் சமூகத்தினரின் மார்டி கிரா ஊர்வலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிள்களில் லெஸ்பியன் பெண்கள் உறுமிக்கொண்டு முன்னே வர, அலங்கார வண்டிகளோடு ஆயிரக்கணக்கானோர் ஆடிப்பாடி வருகிறார்கள்.

இந்த ஊர்வலம் தொடங்கிய 1978 ஜூன் 24 இரவில் வந்தது ஒரே ஒரு லாரி. அதில் சின்னதாக ஒரு ஒலிபெருக்கி. நியூயார்க்கில் தன்பாலீர்ப்பினர் நடத்திய ஸ்டோன்வால் எழுச்சியை நினைவுகூர்ந்து காலையில் பேரணி நடத்தியவர்கள், இரவில் கொண்டாட்டமாக ஒரு ஊர்வலமும் போகலாமென்று இத்தெருவிலுள்ள டெய்லர் சதுக்கத்தில் கூடினார்கள். இன்றைய ஊர்வலத்துக்கு எதிர்த்திசையில், மதுக்கூடங்களில் இருந்தவர்களைக் கூவி அழைத்துக்கொண்டே ஹைட் பார்க் நோக்கி இறங்கினார்கள். அனுமதி வாங்கியிருந்தும் போலீசார் லாரியைப் பறிமுதல் செய்தார்கள். கூட்டம் கலையவில்லை, கிங்ஸ் கிராஸ் பகுதியை நோக்கித் திரும்பியது. அங்கே போலீசார் வழிமறித்து, அடித்து, 53 பேரைக் கைது செய்தார்கள்.

அடியைவிடக் கொடியது பிறகு வந்தது. கைதானவர்களின் பெயர், முகவரி, தொழில் எல்லாவற்றையும் 'சிட்னி மார்னிங் ஹெரால்டு' அச்சிட்டது. நியூ சவுத் வேல்ஸில் ஆணோடு ஆண் உறவுகொள்வதே அப்போது குற்றம். வேலை பறிபோனது, குடும்பம் கைவிட்டது. அந்த நாளிதழும் மாநில நாடாளுமன்றமும் மன்னிப்புக் கேட்டது 2016இல். 38 ஆண்டுகள்! அதைக் கேட்க உயிரோடு இல்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆனாலும் மறு ஆண்டே மீண்டும் வந்தார்கள், முன்னைவிடப் பெருங்கூட்டமாக. 1981இல் விழாவைக் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற்றியது நல்ல முடிவு. ஊரே வேடிக்கை பார்க்க வரத் தொடங்கியது. 1984இல் ஆணோடு ஆண் உறவைக் குற்றமாக்கிய சட்டம் நீங்கியது. எய்ட்ஸ் பீதியில் ஊர்வலத்தையே தடைசெய்யச் சொன்னார்கள் சிலர்; நண்பர்களைப் புதைத்த கையோடு வந்து நடந்தார்கள் இவர்கள். 2023இல் உலகப் பெருமித விழா சிட்னிக்கு வந்தபோது ஹார்பர் பாலத்தின் மேல் 50,000 பேர் நடந்தார்கள். பதவியிலிருக்கும் பிரதமர் ஒருவர் மார்டி கிரா ஊர்வலத்தில் நடந்ததும் அந்த ஆண்டுதான் முதன்முறை.

கைதானவர்களை அடைத்துவைத்த டார்லிங்ஹர்ஸ்ட் காவல் நிலையம் 2024 பிப்ரவரியில் தன்பாலீர்ப்புச் சமூகத்தின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதே மாதம், தன்பாலீர்ப்பு ஜோடி ஒன்றைக் கொன்றதாகப் போலீஸ்காரர் ஒருவர் மீது வழக்குப் பதிவானது. பல ஆண்டுகளாக ஊர்வலத்தில் நடந்துவந்த காவல் துறையை அம்முறை வரவேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள் ஏற்பாட்டாளர்கள். பேச்சுவார்த்தைக்குப் பின், சீருடை இல்லாமல் நடக்கலாம் என்று முடிவானது.