மீந்த மருந்து

சதுரங்கம் ஆடுவோருக்கு இருவகை நேரங்கள் உண்டு. தம் கடிகாரம் ஓடும் நேரம் ஒன்று. எதிராளியின் கடிகாரம் ஓடும் நேரம் மற்றொன்று. இந்த இரண்டாம் நேரத்தில் நல்ல ஆட்டக்காரர் வாளா இருப்பதில்லை. 'அவர் குதிரையை நகர்த்தினால் நாம் யானையை நகர்த்துவோம்' என அவர் மனம் கிளை கிளையாகக் கணக்கிடுகிறது. அக்கணக்கைத் தாளில் குறித்துக்கொள்ள ஆட்டவிதி இடம் தராது, நினைவே ஏடு. "எதிராளி காயை வைத்ததும் பாதிக் கணக்கு மறந்துபோகிறது, சாமி" என்று நம் பங்கின் இளைஞர்கள் முறையிடுவதுண்டு.

உலக வெற்றியாளராக விளங்கிய ரஷ்யர் போட்வின்னிக் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நுணுக்கமான கணக்குகளைத் தம் முறைக்கு ஒதுக்கிவிட்டு, எதிராளியின் முறையில் ஆட்டத்தின் பொதுநிலையையே சிந்திப்பார். எந்தக் காய் காவலின்றி நிற்கிறது, ஆபத்து எப்பக்கம் என்பன போன்ற முடிவுகள் நினைவில் எளிதில் தங்கும். 1973-இல் சேஸ், சைமன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் செய்த ஆய்வும் இதற்கு ஒத்ததே. உண்மையான ஆட்டத்தின் பலகையை ஐந்து நொடி காட்டினால், வல்லுநர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்தே அடுக்கிவிடுவார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினாலோ, அவரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றே. பொருள் புரிந்ததைத்தான் நினைவு பற்றிக்கொள்கிறது.

ஆயினும் நினைவில் நிற்கும் கணக்கிலும் ஓர் இடர் உண்டு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்திற்கான 14-ஆவது ஆட்டம். நம் சென்னையின் குகேஷும் சீனத்தின் டிங் லிரெனும் சமபுள்ளிகளில் இருந்தனர். 55-ஆவது நகர்வில் டிங் யானைக்கு யானை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அது பெரும்பிழை. ஆனால் குகேஷ் அதனை உடனே உணரவில்லையாம். தம் யானையை வேறொரு கட்டத்தில் வைக்கவே இருந்தாராம். மறுபடி பலகையை நோக்கியபோதுதான் எதிராளியின் மந்திரி மூலையில் சிக்கியிருப்பதைக் கண்டார். 58 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. 18 வயதில் பட்டம் அவருடையதாயிற்று. அந்த மறுபார்வை இல்லையேல் வாய்ப்பு நழுவியிருக்கும்.

சிவகாசி வட்டாரத்தாருக்கு இவ்வுண்மை வேறு வகையில் தெரியும். அன்று கலந்த மருந்தை அன்றே பயன்படுத்த வேண்டும். மீந்ததை முறைப்படி அழித்துவிட வேண்டும். இரவெல்லாம் வைத்திருந்த கலவையில் ஈரம் ஏறினால் அது தானே சூடேறும். மறுநாள் காலை வெடித்து உயிர்களைக் கொள்வதுமுண்டு. பழைய நிலைக்கென்று போட்ட கணக்கும் மீந்த மருந்து போன்றதே.

சில ஆண்டுகளுக்கு முன், பட்டாசு விபத்தில் கணவரை இழந்த ஒரு தாயைக் காணச் சென்றோம். செல்லும் வழியெல்லாம் ஆறுதல் மொழிகளை மனத்துள் அடுக்கிக்கொண்டோம். அவர் நெடுநேரம் பேசினார். அந்நேரம் முழுதும், அடுக்கியவை மறந்துபோகாதபடி நாம் காத்துக்கொண்டிருந்தோம். இறுதியில் அவர், "சாமி, பன்னிரண்டாவது முடிச்ச மூத்தவளும் அந்த வேலைக்கே போறேங்கிறா. அனுப்பவா, வேண்டாமா?" என்றார். நாமோ உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினோம். "சரிங்க சாமி" என்று அவர் தலைகுனிந்தார்.

வீடு திரும்பும் வழியில்தான் அக்கேள்வி நம் செவியில் விழுந்தது. மறுவாரம் சென்றபோது மகள் வேலைக்குப் போயிருந்தாள். இறையருளால் இன்றும் நலமாக இருக்கிறாள். எனினும் அவளுக்கு வேறொரு வழி தேடித் தர நமக்கு ஒரு வாரம் இருந்தது என்பதை மறக்க இயலவில்லை. நாம் சொன்னது மெய்யே. ஆனால் அது அவர் கேட்டதற்கு விடை அன்று.

அன்னை மரியா அனைத்தையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்ததை லூக்கா நற்செய்தி இருமுறை குறிப்பிடுகிறது. நடந்ததையும் கேட்டதையுமே அத்தாய் இருத்திக்கொண்டார். இப்போதெல்லாம் ஒருவர் இல்லத்திற்குச் செல்லுமுன் நாமும் சிந்தித்தே செல்கிறோம். ஆனால் அவர் பேசி முடித்ததும், வாய் திறக்குமுன், அவருடைய கடைசிச் சொல்லை ஒருமுறை மனத்துள் சொல்லிப் பார்க்கிறோம். அன்பர்களே, நம் முறை அதன் பின்னரே தொடங்குகிறது.