தோள்பட்டை வலியும் எழுபது கிலோவும்

திங்கட்கிழமை சாயங்காலம் எந்த ஊர் ஜிம்முக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பெஞ்ச் பிரஸ் பக்கம் ரேஷன் கடை மாதிரி வரிசை நிற்கும். அந்த வரிசையில் நின்ற ஒருவனின் கதை இது.

கல்லூரி இறுதியாண்டு மாணவன். இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வு எழுதியிருந்தான். அடுத்தது உடல்திறன் போட்டி. அதில் கயிறு ஏற வேண்டும். 5 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 6 மீட்டருக்கு இரண்டு. "கையில பலம் வேணும்டா" என்று நண்பர்கள் சொல்ல, ஜிம்மில் சேர்ந்தான். நாலே மாதத்தில் 40 கிலோ 70 ஆனது. கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பிறகுதான் வலது தோளின் முன்பக்கம் 'சுருக்' என்றது. தைலம் தேய்த்தான். "வலிச்சாதான் வளரும்" என்றான் ஒருவன். அதையும் நம்பினான். கொஞ்ச நாளில் வலது பக்கம் படுக்க முடியவில்லை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் சட்டைக்குள் கையை நுழைக்கத் தம்பியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் பயந்தான்.

தோள் மூட்டு ஆழமில்லாத தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. எல்லாப் பக்கமும் சுழலும், ஆனால் பிடிமானம் குறைவு. அந்தப் பழம் உருண்டு விழாமல் பிடித்திருப்பது 'ரொட்டேட்டர் கஃப்' எனும் நான்கு சின்னத் தசைகள். நெஞ்சுத் தசை வளரும் வேகத்துக்கு இவற்றின் தசைநாண்கள் ஈடுகொடுப்பதில்லை. எடையை அவசரமாக ஏற்றினால் முதலில் கத்துவது இவைதான்.

பிசியோதெரபிஸ்ட் அக்கா இரண்டே கேள்விதான் கேட்டார்.

"வாரத்துல எத்தனை நாள் நெஞ்சுக்குச் செய்யறீங்க தம்பி?"

"மூணு நாள்."

"முதுகுக்கு?"

பதில் இல்லை. கயிறு ஏறுவது இழுக்கிற வேலை. அவன் நாலு மாதமாகப் பழகியது தள்ளுகிற வேலை! கயிற்றுக்காக ஆரம்பித்தது, எப்போதோ கைதட்டலுக்காக என்று மாறியிருந்தது.

அக்கா ஜிம்மை நிறுத்தச் சொல்லவில்லை. பிளேட் போடாத வெறும் கம்பி, 20 கிலோ. முழங்கைகளை அகல விரிக்காமல் உடம்போடு சுமார் 45 டிகிரியில் வைக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் கம்பியை இறக்குவது கூடாது. ரப்பர் பேண்டைப் பிடித்துக் கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி தினமும். ஒரு முறை தள்ளினால் இரண்டு முறை இழுக்க வேண்டும். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் வலி கூடினால் எடையைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான்.

வெறும் கம்பியோடு படுத்தவனைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். வலியை விட அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மூன்று மாதம் விடவில்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கீழே விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை, விரல்கள் மரத்துப் போகின்றன என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது ஜிம் வலி இல்லை. ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போட்டி நாளில் அவன் 5 மீட்டர் ஏறினான். 6 மீட்டர் எட்டவில்லை. ஒரே ஒரு ஸ்டார். இறங்கி வந்து, ஓரமாக நின்று, யாரையும் கூப்பிடாமல் சட்டையை மாட்டிக்கொண்டான்.