கொழுத்த சுண்டெலியின் பசி

பருத்த உடலைக் கண்டவுடன் பெருந்தீனியையும் சோம்பலையும் அதனோடு சேர்த்து எண்ணுவது மனிதர் வழக்கம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் இவ்வழக்கிற்கு விலக்காக இருக்கவில்லை. அவ்வெண்ணத்தை அசைத்த பெருமை ஒரு சுண்டெலிக்கு உரியது.

1949 ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் அளவிறந்து பருத்த சுண்டெலிகள் சில தோன்றின. ஒரேயொரு பரம்பரையலகின் விகாரமே காரணம். அவை ஓயாது உண்டன. ஏனைய சுண்டெலிகளைப் போல் மும்மடங்கு நிறை பெற்றன. வியப்பு இதில் இல்லை. அவற்றின் உடல் வெப்பம் தாழ்ந்திருந்தது; குளிரைத் தாங்க அவற்றால் இயலவில்லை; அவை மலடாகவும் இருந்தன. இவை யாவும் பட்டினி கிடக்கும் உயிரின் குறிகள்!

உணவற்ற சுண்டெலியின் உடலில் நிகழ்வதை நோக்கினால் இது தெளிவாகும். ஈரலிலுள்ள கிளைக்கோசன் ஓரிரவுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. குருதியில் இன்சுலின் குறைய, குளுக்ககன் மிகுகிறது. கொழுப்புக் களஞ்சியத்தின் பூட்டாக இருப்பது இன்சுலின். அது தளர, பரிவு நரம்புகள் சுரக்கும் நோரதிரனலின் களஞ்சியத்தைத் திறக்கிறது. கொழுப்பு உடைந்து கொழுப்பமிலங்களாகிக் குருதியிற் கலக்கிறது; அவற்றை ஈரல் கீற்றோன்களாக்கி மூளைக்கு அனுப்புகிறது. வரவு இவ்வாறு அமைய, செலவும் சுருங்குகிறது. தைரொயிட்டுச் சுரப்புக் குறைகிறது, சூல்கொள்ளல் பின்போடப்படுகிறது. பஞ்சகாலத்தில் வீட்டுக்குரியவர் மகளின் திருமணத்தைத் தள்ளிவைப்பது போலத்தான்.

ஆயின், பஞ்சம் வந்துவிட்டதென்று மூளைக்கு உரைப்பது யார்?

அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் கோல்மன், பருத்த சுண்டெலியொன்றையும் இயல்பான சுண்டெலியொன்றையும் குருதி கலக்குமாறு இணைத்தார். பருத்தது உண்பதைக் குறைத்தது. இயல்பான குருதியிலுள்ள ஏதோ ஒரு தூது, பருத்ததன் உடலில் இல்லையென அவர் 1973 இல் முடிவு கூறினார். பருமன் நடத்தையின் குற்றமே என்று நம்பியோர் அதனை எளிதில் ஏற்கவில்லை. 1994 இல் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அப்பரம்பரையலகைக் கண்டுபிடித்தனர். அது ஆக்கும் ஓமோன் கொழுப்புக் கலங்களிலேயே சுரந்தது. மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ‘லெப்டின்’ எனப் பெயரிட்டனர். பெயரிடுவதில் விஞ்ஞானிகளும் கவிஞரைப் போல் அவசரக்காரர் போலும். மெலிவிக்கும் மருந்து கிடைத்ததென உலகம் ஆர்ப்பரித்தது. மருந்துக் கம்பனியொன்று அதன் உரிமைக்கு 2 கோடி டொலர் கொடுத்தது.

1996 இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை கூறிற்று. ஆய்வாளர்கள் இயல்பான சுண்டெலிகளை இரண்டு நாள் பட்டினி போட்டனர். லெப்டின் சடுதியாக வீழ்ந்தது. பட்டினி தொடரும்போதே சிலவற்றிற்கு லெப்டினை ஊசிமூலம் ஏற்றினர். அவற்றில் தைரொயிட்டு ஓமோனின் வீழ்ச்சி குன்றியது. சூல்கொள்ளலும் அவ்வளவு தாமதிக்கவில்லை. ஒரு மணி உணவுதானும் உட்செல்லவில்லை. செய்தி மட்டுமே மாறியது. லெப்டினின் முதன்மையான பணி நிறைவை அறிவிப்பதன்று. அதன் வீழ்ச்சியே பஞ்சத்தின் பறையொலி. ஜாக்சன் ஆய்வுகூடத்துச் சுண்டெலியின் களஞ்சியம் நிரம்பியிருந்தது. எனினும் அதன் மூளை அறிந்தது ஓயாத பஞ்சத்தையே.

மருந்துக் கம்பனியின் கனவு பலிக்கவில்லை. பருத்த மனிதருட் பெரும்பாலோரிடம் லெப்டின் மிகுந்தே உள்ளது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. விதிவிலக்கானவர் மிகச் சிலர். லெப்டின் அறவே சுரவாத குழந்தைகள் இருவரைப் பற்றி 1997 இல் இங்கிலாந்திலிருந்து அறிக்கை வெளிவந்தது. அவர்களுள் ஒரு சிறுமி ஒன்பது வயதில் 94 கிலோகிராம் நிறையுடையவளாய் இருந்தாள். அடக்கி உண்ணென்று எவர் கூறினும் அவள் பசி அடங்கியிராது. நாள்தோறும் லெப்டின் ஏற்றத் தொடங்கியபின் அவள் உண்ணும் அளவு தானாகவே குறைந்தது. ஓராண்டில் 16 கிலோகிராம் இழந்தாள். இழந்ததிற் பெரும்பகுதியும் கொழுப்பே.