எழுந்து நின்று காரணம் சொல்லும் ஊர்

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கான வேட்பாளர்களைக் கட்சிகள் இரண்டு வழிகளில் தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் நடப்பது பிரைமரி. அரசே வாக்குச்சாவடி திறக்கும். மக்கள் காலை முதல் இரவுக்குள் எப்போது வேண்டுமானாலும் போய் ரகசியமாக வாக்களித்துவிட்டு வரலாம். சில மாநிலங்களில் நடப்பது காக்கஸ். இது கட்சியே கூட்டும் ஊர்க்கூட்டம். குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒரு பூத் எல்லைக்குள் வசிக்கும் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ நூலகத்திலோ கூடுகிறார்கள். எந்த வேட்பாளரை ஏன் ஆதரிக்கிறோம் என்று பேசி, அங்கேயே முடிவையும் எடுத்துவிட்டுக் கலைகிறார்கள். இந்த முறைக்குப் பெயர்போன மாநிலம் அயோவா.

அயோவா நாட்டின் மத்திய மேற்குப் பகுதியில் இருக்கிறது. மக்காச்சோளமும் பன்றி வளர்ப்பும்தான் அதன் அடையாளம். கவுண்டி எனப்படும் உள்ளாட்சிப் பிரிவுகள் 99, ஏறத்தாழ 32 லட்சம் மக்கள், 1,600-க்கும் மேற்பட்ட பூத் பகுதிகள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே காக்கஸ் நடந்துவருகிறது. ஆனால் நாடு முழுவதும் அதைத் திரும்பிப் பார்த்தது 1972-க்குப் பிறகுதான். 1968-இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாடு கலவரத்தில் முடிந்தது. வேட்பாளரைத் தலைவர்கள் மூடிய அறையில் தீர்மானிக்கிறார்கள் என்ற கோபம் தொண்டர்களிடம் இருந்தது. அதன் விளைவாகக் கட்சி தன் விதிகளை மாற்றியது. ஒவ்வொரு கட்டக் கூட்டத்துக்கும் முன்கூட்டியே அறிவிப்பு தர வேண்டும் என்றானது. அயோவாவில் பூத், கவுண்டி, மாவட்டம், மாநிலம் என நான்கு கட்டங்கள். போதிய இடைவெளி விட்டு நான்கையும் முடிக்க வேண்டுமானால் முதல் கூட்டத்தை ஜனவரியிலேயே நடத்தியாக வேண்டும். இப்படித்தான் அயோவா வரிசையில் முதலிடத்துக்கு வந்தது.

1976-இல் ஜார்ஜியா மாநில முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் அயோவாவில் ஊர் ஊராகப் போய், ஆதரவாளர்களின் வீடுகளில் தங்கி ஆதரவு திரட்டினார். வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத அவர் அங்கே மற்ற வேட்பாளர்கள் எல்லோரையும் முந்தினார். அந்த ஆண்டே அதிபர் தேர்தலிலும் வென்றார். அதன் பிறகு, அதிபராக விரும்புகிறவர் அயோவா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பத்துப் பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது எழுதாத விதியாயிற்று.

இரண்டு கட்சிகளும் கூட்டத்தை நடத்தும் விதம் வேறு. குடியரசுக் கட்சியின் முறை எளிது. ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் உள்ளூர் ஆதரவாளர் ஒருவர் எழுந்து சில நிமிடங்கள் பேசுவார். பேச்சுகள் முடிந்ததும் துண்டுச் சீட்டுகள் வரும். வேட்பாளர் பெயரை எழுதி மடித்துப் போட்டால், அங்கேயே எண்ணி முடிவை அறிவிப்பார்கள். பேச்சு வெளிப்படை, வாக்கு ரகசியம்.

ஜனநாயகக் கட்சி 2020 வரை கடைப்பிடித்த முறையில் வாக்கும் வெளிப்படை. மாலை 7 மணிக்குக் கதவு மூடப்படும். வரிசையில் நிற்பவர்கள் வரை பெயர் பதிவு நடக்கும். கட்சியில் அன்றுவரை சேராதவர்கூட அங்கேயே சேர்ந்துகொள்ளலாம். நவம்பர் தேர்தலுக்குள் 18 வயது நிரம்பும் 17 வயதுப் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம். கூட்டத் தலைவர் தேர்வானதும், எல்லோரும் எழுந்து தத்தம் வேட்பாளரின் பதாகை இருக்கும் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். முடிவெடுக்காதவர்களுக்கும் தனியாக ஒரு மூலை உண்டு. பிறகு தலை எண்ணுவார்கள்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் 200 பேர் கூடியிருக்கிறார்கள். அடுத்த கட்டமான கவுண்டிக் கூட்டத்துக்கு அந்த பூத் 8 பிரதிநிதிகளை அனுப்பலாம். பெரிய பூத்துகளில் ஒரு வேட்பாளரின் அணி நிலைக்க 15 சதவீதம், அதாவது 30 பேர் தேவை. முதல் எண்ணிக்கையில் நான்கு மூலைகளில் 80, 56, 34, 24 பேர். முடிவெடுக்காதவர்கள் 6 பேர். 24 பேர் கொண்ட அணி அப்படியே இருந்தால் அதற்குப் பிரதிநிதியே கிடையாது. கலைந்து வேறு அணிக்குப் போக வேண்டும், அல்லது அந்த ஆறு பேரையும் தன் பக்கம் இழுக்க வேண்டும். இதற்காகச் சுமார் அரை மணி நேரம் ஒதுக்கப்படும். அந்த அரை மணி நேரம்தான் காக்கஸின் உயிர்நாடி. ஆறு பேரும் வந்து சேர்ந்தால் அணி 30-ஐத் தொடுகிறது. 8 இடங்களும் 3, 2, 2, 1 எனப் பிரிகின்றன. கலைந்துபோகவிருந்த அணிக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

அந்த அரை மணி நேரத்தில் பேசுகிறவர்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். பள்ளி ஆசிரியை, டிராக்டர் பழுதுபார்ப்பவர், மருத்துவமனைச் செவிலியர், கல்லூரி மாணவர் போன்றவர்கள். எதிரே நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர். நாளைக்குக் கடையிலும் தேவாலயத்திலும் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதனால் ஏச்சும் இரைச்சலும் அங்கே எடுபடுவதில்லை. ‘உங்கள் ஆள் மோசம்’ என்று ஆரம்பிப்பவரால் யாரையும் இழுக்க முடியாது. தன்னோடு சேரச் சொல்லிக் கேட்பது அந்த மோசமான ஆளின் ஆதரவாளரைத்தானே.

அங்கே சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். முதலாவது கொள்கை: மருத்துவக் காப்பீடு, கல்லூரிக் கடன், போர், பயிர் விலை. வேலை போனதோடு காப்பீடும் போன ஒருவர், தன் வேட்பாளரின் காப்பீட்டுத் திட்டத்தால் தன் குடும்பத்துக்கு என்ன மாறும் என்று சொன்னால் கூட்டம் காது கொடுக்கும். இரண்டாவது நடத்தை: வேட்பாளர் இதற்கு முன் வகித்த பதவியில் என்ன செய்தார், அழுத்தம் வந்தபோது சொன்ன சொல்லில் நின்றாரா என்பது. மூன்றாவது வெற்றி வாய்ப்பு: நவம்பரில் எதிர்க்கட்சி வேட்பாளரை இவரால் தோற்கடிக்க முடியுமா என்ற கணிப்பு. மூன்றிலும் பலவீனமானது இதுதான். முதல் இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம். மூன்றாவது, அடுத்தவர் எப்படி வாக்களிப்பார் என்று ஊகித்துத் தன் விருப்பத்தை அதற்குப் பலியிடுவது.

அந்த ஊகம் எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு 2008 சாட்சி. கறுப்பினத்தவர் ஒருவருக்கு வெள்ளையர்கள் வாக்களிக்க மாட்டார்கள் என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையரான அயோவாவில், ஜனவரி 3 இரவு பராக் ஒபாமா ஏறத்தாழ 38 சதவீதம் பெற்று முதலிடம் பிடித்தார். அவருடைய போட்டியாளர்கள் ஜான் எட்வர்ட்ஸும் ஹிலரி கிளிண்டனும் 30 சதவீதத்தை ஒட்டி நின்றார்கள். ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 2,40,000 பேர்; நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்தவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதே மாதம் 26-ஆம் தேதி தென் கரோலினா பிரைமரியில், கறுப்பின வாக்காளர்களின் பெரும் ஆதரவோடு ஒபாமா பாதிக்கு மேல் வாக்குகளைப் பெற்றார். அவரால் வெல்ல முடியும் என்ற நம்பிக்கையை அங்கே விதைத்தது அயோவாதான்.

சொந்த லாபத்தைத் தாண்டியும் இந்தக் கூட்டங்கள் முடிவெடுத்ததுண்டு. மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் தயாரிப்பதில் அயோவா நாட்டிலேயே முதலிடம். பெட்ரோலில் உயிரி எரிபொருள் கலப்பதைக் கட்டாயமாக்கிய மத்தியச் சட்டத்தை 2016-இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்ட டெட் குரூஸ் எதிர்த்தார். மாநில ஆளுநர் டெர்ரி பிரான்ஸ்டாட், தன் கட்சிக்காரர் என்றும் பாராமல், குரூஸ் தோற்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் குடியரசுக் கட்சிக் கூட்டங்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பெற்று வென்றவர் குரூஸ்தான். மத நம்பிக்கை, அரசின் தலையீடு பற்றிய அவருடைய நிலைப்பாட்டை ஊர் ஊராக விளக்கிய ஆதரவாளர்களின் உழைப்பு அதில் இருந்தது.

தமிழ் வேர் கொண்ட இருவர் அண்மையில் இந்தச் சோதனைக்கு வந்தார்கள். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், அயோவாவில் தீவிரமாகப் பிரசாரம் செய்த பிறகு, நிதி போதாமல் 2019 டிசம்பரில் போட்டியிலிருந்து விலகினார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்தவர்களின் மகன் விவேக் ராமசாமி 99 கவுண்டிகளையும் சுற்றி வந்தார். 2023 டிசம்பரில் அயோவாவின் டி மாய்ன் நகரில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இந்து ஒருவர் அதிபராக முடியாது என்பவர்களுக்கு உங்கள் பதில் என்ன என்று வாக்காளர் ஒருவர் கேட்டார். ராமசாமி அந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. தன் மத நம்பிக்கையைப் பற்றியே பேசிப் பதில் சொன்னார். 2024 ஜனவரி 15 அன்று சுமார் 8 சதவீதம் பெற்று நான்காம் இடத்துக்கு வந்த அவர், அன்றிரவே விலகி, 51 சதவீதத்தோடு வென்ற டொனால்ட் ட்ரம்ப்புக்கு ஆதரவு தெரிவித்தார்.

காக்கஸின் குறைகள் சிறியவை அல்ல. குளிர்கால இரவில் ஓரிரண்டு மணி நேரம் செலவிட எல்லோராலும் முடியாது. இரவுப் பணிக்குப் போகிறவர், கைக்குழந்தைக்காரி, நடக்க முடியாத முதியவர் எல்லோரும் விடுபட்டுப் போகிறார்கள். 2024-இல் அயோவா முழுவதும் கடுங்குளிர். குடியரசுக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 1,10,000 பேர்தான். வெளிப்படையாக மூலையில் நிற்கும் முறையில், முதலாளியோ வீட்டு உரிமையாளரோ பார்க்கிறார் என்ற அச்சத்தில் மனம் மாறுபவர்களும் உண்டு. கட்சித் தொண்டர்களே எண்ணுவதால் பிழையும் நேர்கிறது. 2012-இல் குடியரசுக் கட்சிக் கூட்டங்கள் நடந்த இரவு மிட் ராம்னி 8 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது; இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்தபோது ரிக் சான்டோரம் 34 வாக்குகள் முன்னணியில் இருந்தார்.

2020 பிப்ரவரி 3 அன்று ஜனநாயகக் கட்சியின் அமைப்பே சரிந்தது. முடிவுகளை அனுப்பத் தயாரித்த செயலி வேலை செய்யவில்லை. தொலைபேசி இணைப்புகள் அடைபட்டன. முழு முடிவு வரப் பல நாட்கள் ஆயின. வேட்பாளர்கள் பீட் பூட்டிஜஜும் பெர்னி சாண்டர்ஸும் மயிரிழை வித்தியாசத்தில் நின்றதால் குழப்பம் இன்னும் கூடியது. கட்சியின் மாநிலத் தலைவர் பதவி விலகினார். 2024-க்கு ஜனநாயகக் கட்சி முதலிடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தது. அயோவா ஜனநாயகக் கட்சியினர் அதிபர் வேட்பாளருக்கான விருப்பத்தை அஞ்சல்வழி விருப்ப அட்டையில் தெரிவித்தார்கள். மூலைக்கு மூலை நடந்து பேசும் காட்சி அந்த ஆண்டு இல்லை.

அதே 2020-இல் நல்லதொரு முயற்சியும் நடந்தது. இரவில் வர இயலாதவர்களுக்காக வேறு நேரங்களிலும் இடங்களிலும் துணைக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. பாரிஸ், கிளாஸ்கோ, திபிலிசி நகரங்களில் வசிக்கும் அயோவாக்காரர்களுக்கும் கூட்டம் உண்டு. ஒட்டம்வா என்ற ஊரில், பன்றி இறைச்சி ஆலையில் மாலைப் பணிக்குப் போகும் தொழிலாளர்கள் தங்கள் தொழிற்சங்க அலுவலகத்தில் நண்பகலிலேயே கூடினார்கள். வந்தவர் 15 பேர். பலர் எத்தியோப்பியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களில் 14 பேர் சாண்டர்ஸ் பக்கம் நின்றார்கள். நேரத்தை மாற்றினாலே போதும், விடுபட்டவர்களைக் கூட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு அந்த 15 பேரே சாட்சி.

அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தமிழர்கள் இதில் எங்கே நிற்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. குடியுரிமை பெற்றவர் மட்டுமே காக்கஸிலும் தேர்தலிலும் வாக்களிக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாக்களிக்க முடியாது. ஆனால் வேட்பாளருக்கு நிதி தரலாம், வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்கலாம். வேலை விசாவில் இருப்பவர் நிதி தரவே கூடாது. ஊதியம் வாங்காமல் தொண்டு செய்யலாம். குடியுரிமை இல்லாதவர் அதிபர் தேர்தலில் வாக்களித்தால் அது குற்றம், நாட்டைவிட்டே அனுப்பப்படலாம். ஆனால் ஒரு வேட்பாளரை ஏன் ஆதரிக்கிறேன் என்று வாய் திறந்து சொல்ல இவர்கள் யாருக்கும் தடையில்லை.

மொத்தத்தில், அயோவா முறையில் காப்பாற்ற வேண்டியது பேச்சு. கைவிட வேண்டியது பகிரங்க வாக்கும் ஒற்றை இரவுக் கட்டாயமும். காரணத்தை ஊரறியச் சொல்லி, வாக்கை ரகசியமாகப் போடும் குடியரசுக் கட்சியின் வழியும், உழைப்பவர்களின் நேரத்துக்கு ஏற்பக் கூடிய துணைக் கூட்டங்களும் சேர்ந்தால் அதுவே நல்ல முறை. காக்கஸ் இல்லாத ஊரிலும் அதன் சாரத்தைக் கடைப்பிடிக்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. வாக்களிக்கப் போகுமுன் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும்: இந்த வேட்பாளர் இதுவரை என்ன செய்திருக்கிறார்? என்ன செய்வதாகச் சொல்கிறார்? அதற்கான விலையை யார் கொடுப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத காரணம், வாக்களிப்பதற்கும் போதுமான காரணம் ஆகாது.