ஸ்டியரிங் இல்லாத காரும் எஞ்சின் இல்லாத காரும்

ஹேவன்ட் என்ற பெயரை ஸ்லாட் கார் (தடத்தில் வெட்டிய காடியில் ஓடும் மின்பொம்மைக் கார்) ஓட்டுகிறவர்கள் தனி மரியாதையோடு சொல்கிறார்கள். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மத்துக்குப் பக்கத்திலுள்ள ஊர் அது. ஃப்ரெட் ஃப்ரான்சிஸின் மினிமாடல்ஸ் தொழிற்சாலை 1950-களில் அங்கேதான் இருந்தது. தகரத்தில் சின்னச் சின்ன கார் செய்து விற்றுக்கொண்டிருந்தவர் அவர். தரையில் அழுத்திப் பின்னால் இழுத்து விட்டால் ஓடும் கார். அதற்குள் மின்மோட்டாரை வைத்து, வேகத்தை ஓட்டுகிறவர் கையில் கொடுத்து, 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் பொம்மை பிறந்தது இப்படித்தான். வந்து குவிந்த ஆர்டரைச் சமாளிக்க முடியாமல் அடுத்த வருடமே லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய பொம்மைக் கம்பெனிக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டார்.

பிறகு தயாரிப்பு மார்கேட்டுக்குப் போனது, அங்கிருந்து சீனாவுக்குப் போனது. ஹேவன்ட்டில் இன்றைக்கு அந்தத் தயாரிப்பு இல்லை. ஆனால் சுற்றுப்பக்கத்து ஊர்களில் அந்தக் கிறுக்கு மட்டும் மிச்சமிருக்கிறது. என் மைத்துனர் அந்தப் பக்கம் குடியிருக்கிறார். அவருடைய பதினொரு வயது மகன் வாரம் தவறாமல் போகும் மன்றத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இரவு நானும் போனேன்.

ஊர்ப் பொதுக்கூடத்தின் பின்னறை. இடுப்பு உயரத்தில், அறையை அடைத்துக்கொண்டு வளைந்து கிடக்கிறது ஓடுதளம். எம்.டி.எஃப். பலகையில் நான்கு காடிகள் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கும். காடியின் இரு கரையிலும் செம்புப் பட்டை ஒட்டியிருக்கிறது. காரின் மூக்குக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு உண்டு, அது காடிக்குள் இறங்கி நிற்கும். நாக்கின் இரு பக்கமும் பின்னிய செம்புக் கம்பி பட்டையை உரசிக்கொண்டே போய் 12 வோல்ட் மின்சாரத்தை மோட்டாருக்கு எடுத்துக் கொடுக்கும். ஓட்டுகிறவர் கையில் டிரிகர் வைத்த ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் சாதனம். திருப்புவதற்கு எதுவும் இல்லை. எங்கே திரும்ப வேண்டும் என்பதைப் பலகை வெட்டியவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

இதில் என்ன திறமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் வளைவிலேயே தெரிந்துவிடுகிறது. விசை பின்சக்கரத்தில், பிடிமானம் மூக்கில். வளைவில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் வால் வெளியே போகும், இன்னும் அழுத்தினால் நாக்கு காடியை விட்டு எழும்பும், கார் பறந்து சுவரில் போய் மோதும். விரலை விட்டுவிட்டால் கார் உருண்டு போவதில்லை, கவ்வி நிற்கிறது. மின்சாரம் நின்ற கணத்தில் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராகி, தன்னையே பிடித்து நிறுத்திக்கொள்கிறது. வேகம், பிரேக் இரண்டும் ஒரே ஆள்காட்டி விரலில். நேர்த்தடத்தில் வினாடிக்கு ஐந்து மீட்டர் போகும் கார், அசலில் மணிக்கு 18 கிலோமீட்டர்தான். ஆனால் காரின் அளவு 32-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் பெருக்கினால் 576 கிலோமீட்டர். கண்ணும் விரலும் அந்த இரண்டாவது எண்ணோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

ஓட்டாதவர்கள் சும்மா நிற்க முடியாது. வளைவுக்கு ஒருவராக நின்று, விழும் கார்களை எடுத்துக் காடியில் வைக்க வேண்டும். மார்ஷல் வேலை. என்னையும் ஒரு வளைவில் நிறுத்தினார்கள். போட்டியில் ஒவ்வொருவரும் நான்கு காடியிலும் மாறி மாறி ஓட்டுகிறார்கள், உள்வட்டம் கிடைத்தவன் ஜெயித்தான் என்ற பேச்சு எழாமல் இருக்க. தன் கார் விழுந்தால் தானே ஓடிவந்து எடுக்கக் கூடாது. மார்ஷல் தூங்கினால் போச்சு. மைத்துனர் மகன் பக்கத்து வளைவிலிருந்து எனக்குப் பாடம் எடுத்தான்: “மாமா, காரைப் பார்க்காதீங்க, காடியப் பாருங்க. முதல்ல நாக்கு உள்ள போகணும், அப்புறம் கையை எடுங்க.”

ஓட்டத்தைவிட எனக்கு ஓரத்து மேசைகள்தான் பிடித்தன. ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, மேசையில்தான் இரவு கழிகிறது. அதில் ஒரு மேசை, விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் கருவி செய்யும் பிரிவில் நாற்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. அரம், உப்புத்தாள், சால்டரிங் அயர்ன், பித்தளைத் தகடு, நறுக்கிய எஃகுக் கம்பிகள் எல்லாம் மீன்பிடிப் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார். கடையில் வாங்கும் காரின் அடியில் ஒரு காந்தம் இருக்கும், அது தடத்தின் எஃகுப் பட்டையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இங்கே தடத்தில் செம்பு. செம்பு காந்தத்துக்கு மசியாது. அதனால் பிடிமானத்தைக் கையால்தான் உண்டாக்க வேண்டும். இதுதான் அந்த மேசையின் மொத்த வேலை.

அடிச்சட்டத்தை அவர் தகட்டிலும் கம்பியிலும் ஈயம் வைத்துப் பற்றவைக்கிறார். நடுவில் மோட்டாரும் அச்சும் இறுக்கமாக இருக்கும். இரு பக்கத் தகடுகள் மட்டும் சற்றுத் தளர்ந்து ஆடும். ஆடுவது வேண்டுமென்றே செய்தது. எல்லாம் விறைப்பாக இருந்தால் பின்சக்கரம் வளைவில் தத்தித் தத்திப் போகும், தத்துகிற சக்கரத்துக்குப் பிடி இல்லை. தளர்ந்த தகடு அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு தளர்வு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு துண்டு செய்தித்தாளை எடுத்து இடுக்கில் செருகிக் காட்டினார்.

பின்சக்கரத்துக்கு ஸ்பாஞ்ச் ரப்பர். ஒட்டி, சுழலவிட்டு, உப்புத்தாளில் தேய்த்து, வட்டம் சரியாகும்வரை எடுக்கிறார். முன்சக்கரத்தில் நடப்பது நேர்மாறு. அதற்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசுகிறார்! முன்சக்கரம் தரையைப் பிடித்தால் அது ஒரு பக்கம் போகப் பார்க்கும், காடி ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே அது வழுக்க வேண்டும். ஒரே காரில் பின்னால் உராய்வைக் கூட்டுவதற்கு ஒரு மணி நேரம், முன்னால் குறைப்பதற்கு ஐந்து நிமிடம்.

காரின் மேற்கூடு செய்கிறவர் வேறு ஆள். பகலில் பல் செட் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. தாடை அச்சின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சிப் படியவைக்கும் இயந்திரம் அவருக்குப் பழக்கம். அதே முறையில்தான் இந்தக் கூடும் வார்க்கப்படுகிறது. கண்ணாடி போன்ற தாளில் வருவதால் வண்ணத்தை உள்பக்கம் பூச வேண்டும், அதுவும் தலைகீழ் வரிசையில். 1968-லும் 1969-லும் லெ மான்ஸ் போட்டியில் வென்ற ஃபோர்டு ஜி.டி.40-ஐ அன்றைக்கு எடுத்திருந்தார். வெளிர்நீல உடம்பில் ஆரஞ்சுப் பட்டை. முதலில் ஆரஞ்சு, அது காய்ந்த பிறகு நீலம். பட்டையில் தவறு நேர்ந்தால் நீலம் அடித்த பிறகு திருத்த வழியில்லை.

அமெரிக்காவில் 1960-களின் நடுவில் இந்த விளையாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வாடகை ஓடுதளங்கள் முளைத்தன, பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மூடப்பட்டன. விற்பனை வடிந்த பிறகும் கைவிடாதவர்கள், இப்படிப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள்தான் என்று நினைக்கிறேன். வாங்கியவனுக்குச் சலிப்பு வரும். செய்தவனுக்கு அடுத்த திருத்தம் ஒன்று எப்போதும் பாக்கி.

புறப்படும்போது பெரியவர், “சனிக்கிழமை என் கொட்டகைக்கு வாருங்கள், பெரிய கார் ஒன்று இருக்கிறது” என்றார்.

பெரிய கார் என்றால் ஆள் உட்காரும் கார். எஞ்சின் கிடையாது. அவருடைய பதின்மூன்று வயதுப் பேத்தி, கிராமத்துச் சரிவில் நடக்கும் சோப்பாக்ஸ் பந்தயத்துக்காக அவரோடு சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். எஃகுக் குழாய்ச் சட்டம், பிளைவுட் தரை, பின்னால் கழித்துப்போட்ட சக்கரநாற்காலியின் இரண்டு சக்கரங்கள். இதில் ஸ்டியரிங் உண்டு, பிரேக் உண்டு, முடுக்க மட்டும் வழியில்லை. செவ்வாய் இரவில் பார்த்ததற்கு மறுபாதி. இரண்டிலும் ஓட்டுகிறவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதனால் பாரம் முழுக்கச் செய்கிறவர் தலையில் விழுகிறது. இந்த ஆள் இரண்டுக்கும் ஏன் ஆசைப்படுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த வகைப் பந்தயத்துக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்த ஊர் அமெரிக்காவின் ஓஹையோவில் இருக்கிறது. டேட்டன் நகரச் செய்தித்தாளின் புகைப்படக்காரர் மைரன் ஸ்காட், 1933-இல் தெருவில் பெட்டிவண்டி ஓட்டிய பையன்களைப் படம் எடுத்தார். மறுவருடமே அதைத் தேசியப் போட்டியாக்கினார். 1935-இல் போட்டி அக்ரன் நகருக்குப் போனது, 1936-இல் அதற்கென்றே டெர்பி டவுன்ஸ் என்ற சரிவுத்தடம் கட்டினார்கள். பெண்பிள்ளைகளை 1971 வரை சேர்க்கவில்லை. 1975-இல் ஒரு பெண்ணே ஜெயித்தாள். இடையில் 1973-இல் நடந்ததைப் பெரியவர் ரசித்துச் சொன்னார். கிளம்புமிடத்தில் கார்களைத் தடுத்து நிற்பது எஃகுத் தகடு, அது முன்பக்கமாகச் சாயும்போது கார்கள் புறப்படும். ஜெயித்த பையனின் காரின் மூக்குக்குள் மின்காந்தம் இருந்தது. பேட்டரியும் இருந்தது. சாயும் தகடு காரையும் சேர்த்து இழுத்துவிட்டது. பட்டத்தைப் பறித்தார்கள். “திருட்டு திருட்டுதான். ஆனால் கம்பி சுற்றியவன் வேலை தெரிந்தவன்” என்றார் பெரியவர். பேத்தி அவரை முறைத்தாள்.

கணக்கு அவளுக்கு மனப்பாடம். பத்து மீட்டர் உயரம் இறங்கினால், எதுவும் வீணாகாவிட்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு துளி கிடைக்காது. கிடைப்பதைச் சக்கரமும் பேரிங்கும் காற்றும் தின்றுகொண்டே வரும். பளுவான காரைக் காற்று அவ்வளவாகத் தடுக்க முடியாது. ஆகவே எடை கூடினால் லாபம், அதனால்தான் காருக்கும் ஓட்டுகிறவருக்கும் சேர்த்து எடை வரம்பு வைக்கிறார்கள். வரம்புக்குள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஈயத்தைத் தரையோடு தரையாகக் கட்டிக்கொள்ளலாம். சட்டத்தில் எடை இருக்கட்டும், ரிம்மில் கூடாது. கனத்த ரிம்மைச் சுழற்றவே இறக்கத்தின் பங்கு ஒன்று போய்விடும்.

பேரிங் பற்றி அவர்கள் பேசியபோது நம் ஊர் பேரிங் வண்டியை அவர்களுக்குச் சொன்னேன். லாரி பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கி, சீவிய கட்டையின் முனைகளில் அடித்து இறக்கி, முன்கட்டையை ஒற்றை போல்ட்டில் கோத்துக் காலால் திருப்புவது. தெரு முழுக்கக் காது கிழியும். பிரேக்குக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள் பேத்தி. செருப்பு என்றேன். பெரியவர் சிரித்தார். அவர் முதல் வண்டி குழந்தைத் தள்ளுவண்டிச் சக்கரமும் ஒரு பலகையும் கயிறும். அதற்கும் பிரேக் ஷூதானாம், பள்ளிக்கூட ஷூ.

இப்போதைய வண்டியில் அவர் அதிக நேரம் செலவிட்டது முன்சக்கரங்களில். சைக்கிள் சக்கரத்தை இரு பக்கமும் கவை தாங்கும், வண்டி சாய்ந்து திரும்புவதால் பக்கவாட்டுப் பளு அதன்மேல் விழாது. இங்கே ஒரு பக்கம் மட்டும் அச்சு, சாய்வும் கிடையாது. வேகமாகத் திரும்பினால் போக்ஸ் கம்பிகள் தாங்காமல் சக்கரம் மடங்கும். அதனால் சிறிய பி.எம்.எக்ஸ். சக்கரங்களை வாங்கி, தடித்த அச்சு போட்டு, கோட்டம் எடுத்திருந்தார். பிறகு நூல் பிடித்துப் பார்த்தோம். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். சக்கரங்களின் முன்விளிம்புக்கு இடையே உள்ள தூரம் பின்விளிம்பைவிட நான்கு மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. அந்தக் கோணலோடு விட்டால் சக்கரம் உருள்வது பாதி, தேய்வது பாதி. இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் மரையை முக்கால் சுற்று திருப்பி, மறுபடி நூல். மறுபடி மரை. மதியச் சாப்பாடு தள்ளிப்போனது.

பேரிங்கின் ரப்பர் மூடிகளைக் கழற்றி, கிரீஸைக் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டிருந்தாள் பேத்தி. மூடி உரசுவதும் கெட்டி கிரீஸும் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கும். மூடியில்லாத பேரிங் மண் புகுந்து சீக்கிரம் கெடும். ஒரு நாள் பந்தயத்துக்கு அது போதும். பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

மாலையில் சவுத் டவுன்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில், தெரிந்தவர் பண்ணைக்குள் போகும் தனிப்பாதையில் சோதனை. கீழே ஒருவர் நின்று வாயிலைப் பார்த்துக்கொண்டார். ஹெல்மெட், கையுறை, இடுப்புப்பட்டை எல்லாம் போட்ட பிறகுதான் பெரியவர் கையை விட்டார். தள்ளவில்லை. வண்டி முதல் சில மீட்டருக்கு யோசித்தது, பிறகு எங்கள் பேச்சு முடிவதற்குள் வளைவைத் தாண்டியிருந்தது. சத்தமே இல்லை. ரப்பர் மட்டும் சாலையில் கிசுகிசுத்தது. கீழே பிரேக் போட்டதும் வால் லேசாக வலப்பக்கம் வந்தது, மூக்கு இடப்பக்கம் இழுத்தது.

இறங்கி வந்தவள் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “இடது பக்கம் முன்னாடியே பிடிக்குது” என்றாள். பெரியவர் படுத்துக்கொண்டு அடியில் பார்த்தார். பின்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு கேபிளில் ஒன்று கொஞ்சம் அதிகமாக இறுகியிருந்தது. திருகித் தளர்த்தினால் இன்றைக்குச் சரியாகும், நாளைக்கு மற்றது நீளும். இரண்டு கேபிளையும் ஒரு சிறு பட்டையின் இரு முனைகளில் கட்டி, பட்டையின் நடுவில் மிதியை இணைத்துவிட்டால் இழுவை தானே சமமாகப் பிரிந்துகொள்ளும். பித்தளையில் செய்யலாமா எஃகில் செய்யலாமா என்று பேச்சு ஆரம்பித்தது. எஃகு என்று முடிவானது.

பந்தயத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. திரும்பும் வழியில் பேத்தி, தான் வளர்ந்துகொண்டிருப்பதாகவும் அதற்குள் இரண்டு கிலோவாவது கூடிவிடும் என்றும், கட்டிய ஈயத்தில் அதைக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும் என்றும் சொன்னாள். பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. “ஈயம் தரையோடு கிடக்கும். உன் எடை மேலே அல்லவா போய் உட்காரும்? ஸ்டியரிங்கை மூன்று அங்குலம் இறக்கி, உன்னைப் படுக்கவைத்துத்தான் ஓட்ட விடுவேன்” என்றார். அப்படியானால் மூக்கை மறுபடி அறுக்க வேண்டும் என்றாள் அவள்.